செத்தவன் கைப்பிடி

உங்கள் வீட்டு மிக்ஸியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். குமிழை வலது பக்கம் திருப்பினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகம் ஏறும். திருப்பிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கறிவேப்பிலை உருவப் போகலாம். அது பாட்டுக்கு அரைத்துக்கொண்டிருக்கும். இடது பக்கம் திருப்பினால் கதை வேறு. குமிழைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் ஓடும். கையை எடுத்தீர்களோ, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் குமிழைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். மிளகைக் கொரகொரப்பாக உடைக்க அந்த இடது பக்கம்தான் சரி.

ஒரே மோட்டார். ஆனால், வலது பக்கம் நீங்கள் கொடுப்பது உத்தரவு. ஒரு தடவை கொடுத்தால் போதும், மறு உத்தரவு வரும்வரை செல்லும். இடது பக்கம் கொடுப்பது அனுமதி. ஒவ்வொரு நொடியும் கை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் அக்கா மகனின் பொம்மைக் கார் சுவரில் முட்டும் வரைக்கும்.

பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். கல்லூரிக் கண்காட்சிக்காக ஒரு சின்னக் கார் செய்திருந்தான். லேப்டாப்பில் மேல்நோக்கிய அம்புக்குறி கீயை அழுத்திப் பிடித்தால் காரின் மோட்டார் ஓடும். விட்டால் நிற்கும். நடுவில் ஒயர் கிடையாது, எல்லாம் வைஃபை. வீட்டுக் கூடத்தில் அருமையாக ஓடியது. கண்காட்சி ஹாலில் நூற்றுக்கணக்கான செல்போன்களுக்கு நடுவே வைஃபை திணறிவிட்டது. பையன் கீயிலிருந்து விரலை எடுத்தான். கார் நிற்கவில்லை. சிறப்பு விருந்தினரின் ஷூவை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

“கையை எடுத்துட்டேன் மாமா, சத்தியமா எடுத்துட்டேன்” என்றான் அன்று இரவு போனில்.

எடுத்திருப்பான். சந்தேகமே இல்லை. ஆனால், இதே தவறைச் செய்த சில பெரிய மனிதர்களைப் பற்றி அவனிடம் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு 1889-க்குப் போகவேண்டும். அயர்லாந்துக்கு.

ஜூன் 12. வடக்கு அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து வாரன்பாயிண்ட் என்கிற கடற்கரை ஊருக்கு ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களுமாகச் சுமார் தொள்ளாயிரம் பேர். டிக்கெட் இல்லாதவர்கள் ஏறிவிடக்கூடாது என்று பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைத் தாண்டியதும் ஒரு மேடு. எழுபத்தைந்து அடி போனால் ஓர் அடி ஏற்றம். ரயிலுக்கு அது மலை. உச்சியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. என்ன செய்வது? ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறகு வந்து மிச்சத்தை இழுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பின்னால் இருந்த பத்துப் பெட்டிகளைக் கழற்றினார்கள்.

அந்த ரயிலில் இருந்தது சாதாரண வேக்குவம் பிரேக். அதாவது, எஞ்சின் ஒரு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். உறிஞ்சாவிட்டால் பிடிக்காது. குழாயைக் கழற்றிவிட்டால்? பிடித்திருந்த பிரேக்கும் விட்டுவிடும். கழற்றப்பட்ட பத்துப் பெட்டிகளையும் சரிவில் நிறுத்திவைக்கக் கடைசி வண்டியில் கார்டு கையால் சுற்றுகிற ஒரே ஒரு பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த சில ஜல்லிக் கற்களும்தான் இருந்தன.

முன்பாதி புறப்படும்போது துளியூண்டு பின்வாங்கியது. லேசான ஓர் இடி. அவ்வளவுதான். கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் வந்த வழியே இறங்க ஆரம்பித்தன. முதலில் நடைவேகம், பிறகு ஓட்டம், பிறகு பாய்ச்சல். கீழே, அதே தண்டவாளத்தில் அடுத்த ரயில் ஏறி வந்துகொண்டிருந்தது. கதவுகளோ பூட்டியிருந்தன.

இறந்தவர்கள் எண்பது பேர் என்பது அன்றைய கணக்கு. அதில் ஏராளமான குழந்தைகள்.

கொடுமை என்னவென்றால், இதற்கு மாற்று அப்போதே இருந்தது. அதுவும் பதினேழு வருடங்களாக! அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் செய்த முதல் ஏர் பிரேக்கிலும் கிட்டத்தட்ட இதே குறைதான். காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும், குழாய் அறுந்தால் பிடிக்காது. 1872-ல் மனிதர் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். குழாயில் எப்போதும் காற்றழுத்தம் இருக்கட்டும். அந்த அழுத்தம்தான் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தானாகப் பிரேக் போட்டுக்கொள்ளும். டிரைவர் குறைத்தாலும் சரி, குழாய் அறுந்தாலும் சரி, ரயில் இரண்டாகப் பிய்ந்தாலும் சரி. யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. சொல்லாமல் விட்டாலே போதும்.

வேக்குவம் பிரேக்கிலும் இப்படித் தலைகீழாக்கிய வகை வந்தது. ஆனால், பிரிட்டனில் அதைப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. காசு செலவு பாருங்கள். ஆர்மாவில் அத்தனை சவங்கள் விழுந்த பிறகு, அதே வருடம் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ரயில்களில் நெடுங்காலம் இருந்ததும் அந்தத் தலைகீழ் வேக்குவம் பிரேக்தான். அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் எப்படி நிற்கிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? சங்கிலி போய் எந்தப் பிரேக்கையும் இழுப்பதில்லை. குழாயில் ஓர் ஓட்டையைத் திறந்துவிடுகிறது. மற்றதெல்லாம் தானாக நடக்கிறது.

பையனின் கார் ஆர்மா ரயில். கீயை அழுத்தினால் “ஓடு” என்று ஒரு செய்தி, விட்டால் “நில்” என்று ஒரு செய்தி. இந்த இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை. குழாய் கழன்றுவிட்டது. காரைப் பொறுத்தவரை கடைசியாக வந்த உத்தரவு “ஓடு”. விசுவாசமாக ஓடியது.

இந்த இடத்தில் கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தினமும் தட்டுகிறோமே தவிர, அது என்ன பேசுகிறது என்று நமக்குத் தெரியாது. பழைய டெலிடைப் இயந்திரங்கள் ஓர் எழுத்தை அழுத்தினால் அந்த எழுத்தை அனுப்பும். விரலை எடுத்தீர்களா, இன்னும் வைத்திருக்கிறீர்களா என்பது பற்றி மறுமுனைக்கு ஒன்றும் தெரியாது. டைப் அடிப்பதற்கு அது போதும். மோட்டார் ஓட்டப் போதாது. 1981-ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதன் கீபோர்டு இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது. ‘ஏ’ எழுத்தை அழுத்தினால் 30 என்று ஓர் எண். விட்டால் அதோடு 128-ஐக் கூட்டி 158. எல்லாக் கீக்கும் இதே கணக்கு.

அழுத்திப் பிடித்தால் எழுத்து வரிசையாக வந்து விழுமே, அதை வைத்து “இன்னும் பிடித்திருக்கிறேன்” என்று புரிந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். பையனும் முதலில் அப்படித்தான் செய்து பார்த்தானாம். கார் விசுக்கென்று ஒரு தடவை நகர்ந்தது, நின்றது, பிறகு ஓடியது. காரணம், முதல் எழுத்துக்கும் இரண்டாவது எழுத்துக்கும் நடுவே சுமார் அரை விநாடி இடைவெளி விடுவது கம்ப்யூட்டர் வழக்கம். அது டைப் அடிப்பவர்களுக்காகச் செய்த உபகாரம். போதாக்குறைக்கு, ஒரு கீயை அழுத்தியபடியே இன்னொன்றைத் தொட்டால், முதல் கீ வரிசையாக வருவது நின்றுவிடும், விரல் அதன் மேலேயே இருந்தாலும். ஆக, அதுவும் சரிப்படாது. இன்னொரு வேடிக்கை. கீயை அழுத்தியிருக்கும்போதே திரையில் வேறு ஏதாவது ஜன்னல் முன்னால் வந்துவிட்டால், நீங்கள் விரலை எடுத்த செய்தி அந்தப் புது ஜன்னலுக்குப் போய்விடும். மோட்டாரை ஓட்டும் புரோகிராமுக்கு நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள்!

வெஸ்டிங்ஹவுஸ் வழிதான் தீர்வு. கீ அழுத்தியிருக்கும்வரை லேப்டாப் விடாமல் “ஓடலாம், ஓடலாம், ஓடலாம்” என்று விநாடிக்குப் பல தடவை சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கார் தன் பக்கம் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, கால் விநாடிக்கு எதுவும் காதில் விழவில்லை என்றால் தானாக மோட்டாரை நிறுத்திவிடவேண்டும். “நில்” என்று ஒரு செய்தியே தேவையில்லை. வைஃபை போனாலும், லேப்டாப் உறைந்துபோனாலும், பேட்டரி தீர்ந்தாலும் மௌனம்தான். மௌனம் என்றால் நில்.

பையன் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டான். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஏனென்றால், விட்டால் நிற்கும் என்பதில் நாம் சுலபமாகக் கடந்துபோகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. அழுத்திக்கொண்டிருப்பது யார்?

மறுபடியும் ரயில். நீராவி எஞ்சினில் எப்போதும் இரண்டு பேர். ஓட்டுவதற்கு ஒருவர், கரி போட ஒருவர். ஒருவருக்கு ஏதாவது ஆனால் இன்னொருவர் இருக்கிறார். மின்சாரம் வந்ததும் கரி போடுபவருக்கு வேலை போய்விட்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்றொருவர். 1888-ல் ரிச்மண்ட் நகரத்தில் மின்சார டிராம் ஓட்டிக் காட்டியவர். 1897-ல் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். ரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் மோட்டார். எல்லாவற்றையும் முன்னால் இருக்கும் ஒரே ஒரு கைப்பிடி சின்னஞ்சிறு மின்சாரத்தை அனுப்பிக் கட்டுப்படுத்தும். சோதனையின்போது தன் பத்து வயது மகனைக் கைப்பிடியில் உட்காரவைத்து ஆறு பெட்டி ரயிலை ஓட்டவைத்தார்! இன்று உலகம் பூராவும் ஓடுகிற மின்சார ரயில்கள், 1931-ல் சென்னையில் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓட ஆரம்பித்தது உள்பட, எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

குழந்தைகூட ஓட்டலாம். சரி, ஓட்டுகிறவர் மயங்கி விழுந்தால்? அத்தனை மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்குமே. அதனால் கைப்பிடிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். கை விலகினால் மோட்டாருக்குக் கரண்ட் போய்விடும், பிரேக் பிடித்துவிடும். இதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் ‘டெட் மேன்ஸ் ஹேண்டில்’. செத்தவன் கைப்பிடி. நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை. கைக்குப் பதில் காலால் மிதிக்கிற பெடல் வகையும் உண்டு.

எட்டு மணி நேரம் ஒரு ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருந்து பாருங்கள். கால் மரத்துப் போகும். மனுஷன் என்ன செய்வான்? எதையாவது தூக்கி அதன்மேல் வைப்பான்.

வைத்தார்கள். 1986 பிப்ரவரி 8, கனடாவில் ஹிண்டன் என்ற ஊர். சிக்னலில் நிற்கவேண்டிய நீளமான சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போய் எதிரே வந்த பயணிகள் ரயிலில் மோதியது. 23 பேர் இறந்தார்கள். எஞ்சினில் செத்தவன் பெடல் இருந்தது. விசாரணை நடந்தபோதுதான், கனமான எதையாவது பெடல்மேல் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது அங்கே ரொம்ப நாளாகவே சகஜம் என்பது வெளியே வந்தது. தேய்ந்துபோன பிரேக் கட்டை ஒன்று போதும். அன்று பெடல்மேல் என்ன இருந்தது என்பதைச் சொல்ல முன் எஞ்சினில் இருந்த யாரும் மிஞ்சவில்லை.

இதற்கு அப்படியே ஒன்றுவிட்ட தம்பி போல நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2023 செப்டம்பர் 26 இரவு, மதுரா ஜங்ஷன். மதுரை இல்லை, உத்தரப்பிரதேசத்து மதுரா. டெல்லியிலிருந்து வந்த மின்சார ரயிலிலிருந்து எல்லோரும் இறங்கியாகிவிட்டது. ஓர் ஊழியர் செல்போனைப் பார்த்தபடியே டிரைவர் அறைக்குள் வருகிறார். முதுகுப் பையைக் கழற்றி வேகக் கைப்பிடியின்மேல் வைக்கிறார். எல்லாம் கேமராவில் பதிவாகியிருக்கிறது. ரயில் நகர்ந்து, தண்டவாளத்தின் முடிவை உடைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின்மேல் ஏறி நின்றது. கைப்பிடிக்குப் பை தெரியுமா, கை தெரியுமா? எடை தெரியும்.

யாரும் எதையும் வைக்காமலே ஏமாந்த கதையும் உண்டு. ஆஸ்திரேலியா, 2003 ஜனவரி 31. சிட்னியிலிருந்து தெற்கே போன நான்கு பெட்டி ரயில். வாட்டர்ஃபால் ஸ்டேஷனைத் தாண்டியதும் டிரைவருக்கு மாரடைப்பு. சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். கால் பெடலிலிருந்து விலகியிருக்க வேண்டும், ரயில் நின்றிருக்க வேண்டும். அதற்காகத்தானே அந்தப் பெயர்? ஆனால், டிரைவர் கனத்த உடம்புக்காரர். செயலிழந்த கால்களின் எடையே பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பவேண்டிய வளைவில் ரயில் 117-ல் நுழைந்து கவிழ்ந்தது. டிரைவரோடு சேர்த்து ஏழு பேர். கனத்த உடம்பு இருந்தால் அந்தப் பெடல் ஏமாறும் என்பது பல வருடங்களாகவே ரயில்வேக்குத் தெரிந்திருந்தது என்று விசாரணை சொன்னது. படிக்கும்போது வயிறு எரிகிறது.

இதனால்தான் வெறுமனே அழுத்துவதை இப்போது யாரும் முழுசாக நம்புவதில்லை. நம் ஊர் எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு நிமிடம் டிரைவர் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு சிமிட்டும், பிறகு பஸ்ஸர் அலறும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் விழும். பிரேக் கட்டையால் பஸ்ஸருக்குப் பதில் சொல்ல முடியாது இல்லையா? தொழிற்சாலை ரோபோக்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டன் இன்னும் புத்திசாலி. அதற்கு மூன்று நிலைகள். மெதுவாக அழுத்தினால் ரோபோ நகரும். விட்டால் நிற்கும். ரொம்ப இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். ஏன் தெரியுமா? பயந்துபோன மனிதன் எப்போதும் கையை விடுவதில்லை. சில சமயம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான்.

பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்லவேண்டும். லண்டன், 1975 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை காலை 8.46. மூர்கேட் என்கிற பாதாள ஸ்டேஷன். ஒன்பதாம் நம்பர் பிளாட்பாரம்தான் அந்தப் பாதையின் கடைசி. அதைத் தாண்டினால் ஒரு குட்டிச் சுரங்கம், மணல் மேடு, அப்புறம் சுவர். ஆறு பெட்டி ரயில் வந்தது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் வேகம் குறையாததைப் பார்த்துத் திகைத்தார்கள். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சாட்சி சொன்னார்கள். ரயில் அப்படியே போய்ச் சுவரில் மோதியது. 43 பேர் மாண்டார்கள். நொறுங்கிக் கிடந்த முதல் பெட்டியிலிருந்து டிரைவரின் உடலை எடுக்க நான்கு நாளுக்கு மேல் ஆயிற்று.

அவருக்கு 56 வயது. கைப்பிடி கடைசி வரை அழுந்தியே இருந்திருக்கிறது. பிரேக் போடவில்லை. மோதும் நொடியில் முகத்தை மறைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. மாரடைப்புக்கு அடையாளம் இல்லை. ரயிலில் கோளாறு இல்லை. தற்கொலையா? வேலை முடிந்ததும் மகளுக்கு ஒரு பழைய கார் வாங்கப்போவதாக இருந்தார். அதற்கான 270 பவுண்ட் அவரிடமே இருந்தது. விசாரித்த அதிகாரி எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்று எழுதிவைத்தார். இன்று வரை யாருக்கும் தெரியாது.

கைப்பிடி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது. ஓடலாம், ஓடலாம், ஓடலாம் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு லண்டன் பாதாள ரயிலில் இதுபோல முட்டுச் சுவரில் முடியும் பிளாட்பாரங்களுக்கெல்லாம் தண்டவாளத்திலேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். வரும் ரயில் இவ்வளவு வேகத்துக்கு மேல் இருந்தால் தண்டவாளத்து ஓரத்தில் இருக்கும் ஒரு கொக்கி ரயிலின் பிரேக்கைத் தட்டிவிடும். உள்ளே டிரைவரின் கை எங்கே இருந்தாலும் சரி.

மூர்கேட் கதையைச் சொன்னபோது பையன் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, எங்க வீட்டுப் பூனை கீபோர்டு மேல படுக்கும்” என்றான். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். காரின் முன்பக்கம் தூரத்தை அளக்கும் ஒரு சென்சார் முளைத்திருந்தது. சுவர் ஒன்றரை அடிக்குள் வந்துவிட்டால் கீ அழுந்தியிருந்தாலும் மோட்டார் நின்றுவிடுகிறது. நான் விரலை எடுக்காமல் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை திரைச்சீலையில் முட்டியது. துணி சென்சாருக்குத் தெரிவதில்லையாம். அதற்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறான்.